முக்கால் விநாடியில் கவிழும் டிராக்டர்... முன்கூட்டியே போட வேண்டிய கணக்கு!

நடவுக்கு வயல் தயாராகும் நேரம். சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டரின் பின்சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் இறங்கிவிடுகின்றன. எவ்வளவு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. காலையில் நாற்றுக்கட்டு வந்து இறங்கிவிடும், நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போது கரையில் நிற்கும் ஒருவர் யோசனை சொல்வார். ‘‘ரெண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு கட்டையை வெச்சுக் கட்டுப்பா... ஒரே தூக்குல மேல ஏறிடும்!’’

கிராமத்தில் பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான். அப்படிக் கட்டி, வண்டி மேலே ஏறிவிடுவதும் உண்டு. அதனால்தான் அந்த யோசனையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால், ஏதாவது ஒரு முறை அந்தக் கட்டை சேற்றுக்குள் மாட்டிக்கொண்டு, சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பி, இருக்கையில் இருப்பவர் மீதே வண்டி மல்லாந்து விழும்.

முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியதிலிருந்து வண்டி மல்லாந்து விழுவதற்குச் சுமார் ஒன்றரை விநாடிதான் ஆகும். அதிலும் முதல் முக்கால் விநாடிக்குள் வண்டியைத் திரும்பக் கீழே இறக்க முடியாத கட்டம் வந்துவிடும். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் கிளட்ச்சை மிதிப்பதற்கும் ஏறக்குறைய அதே முக்கால் விநாடி தேவை. அதாவது, எவ்வளவு அனுபவம் உள்ள டிரைவராக இருந்தாலும் காலம் கடந்துவிடும். எனவே, டிராக்டர் விஷயத்தில் கணக்கை வண்டியில் ஏறுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் விசை, இயக்கம், ஆற்றல் என்று படித்த பாடம்தான் அந்தக் கணக்கு. அதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால் போதும், ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

முன்பாரம், பின்பாரம்!

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மூட்டைகளை வண்டியின் பின்பக்கமாக ஏற்றிவிட்டால் ‘பின்பாரம்’ ஆகி, நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும். முன்பக்கமாக ஏற்றினால் ‘முன்பாரம்’ ஆகி, மாட்டின் கழுத்து அழுந்தும். அச்சுக்கு முன்னால் எவ்வளவு எடை, பின்னால் எவ்வளவு எடை என்று பார்த்துப் பார்த்து மூட்டையை நகர்த்தி வைப்பார்கள்.

டிராக்டருக்கும் அச்சு என்பது பின்சக்கர அச்சுதான். வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிக்கு ‘ஈர்ப்பு மையம்’ என்று பெயர். சாதாரண டிராக்டரில் இந்த மையம் பின் அச்சுக்குச் சற்று மேலேயும், அச்சிலிருந்து இரண்டு, இரண்டரை அடி முன்னாலும் இருக்கும். இந்த இரண்டரை அடிதான் முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைத்திருக்கிறது.

கடப்பாரையால் பாறையை நெம்பும்போது, கைப்பிடி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகப் பாறை அசையும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது ‘திருப்புத்திறன்’. 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரின் ஈர்ப்பு மையம், அச்சிலிருந்து 0.7 மீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கத்தைத் தரையில் பிடித்து வைத்திருக்கும் திருப்புத்திறன் 2,000 x 0.7 = 1,400. இந்த 1,400 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட அதிகமான திருப்புத்திறன் எதிர்ப்பக்கம் வந்தால், முன்பக்கம் எழும்பும்.

கட்டை கட்டினால் என்ன நடக்கிறது?

45 ஹெச்.பி டிராக்டரின் என்ஜின், நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது கொடுக்கும் திருப்புத்திறன் சுமார் 15 மட்டுமே. ஆனால், லோ கியரில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பின்சக்கரம் நிமிடத்துக்கு 10 அல்லது 11 சுற்றுதான் சுற்றும். வேகம் சுமார் 190 மடங்கு குறைகிறது. ஆற்றல் எங்கும் காணாமல் போகாது. வேகம் குறைந்த அளவுக்குத் திருப்புத்திறன் கூடிவிடும். 15 என்பது 190 மடங்காகி, 2,850 ஆகிறது. கியர்களில் உராய்வால் கொஞ்சம் வீணானாலும், சக்கரத்துக்கு 2,000-க்கு மேல் வந்து சேரும்.

சாதாரண உழவில் இவ்வளவு திறனும் வெளிப்படாது. மண் தாங்காமல் சக்கரம் வழுக்கிச் சுற்றிவிடும். அந்த வழுக்கல் ஒரு வகையில் பாதுகாப்பு. கட்டையைக் கட்டும்போது அந்தப் பாதுகாப்பைத்தான் நாம் எடுத்துவிடுகிறோம்.

நியூட்டன் 1687-ம் ஆண்டு வெளியிட்ட மூன்றாவது விதி, ‘ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு’ என்கிறது. என்ஜின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது, அதே அளவு எதிர்விசை வண்டியின் உடலைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். சக்கரம் சுற்றினால் பிரச்னை இல்லை. சக்கரம் பூட்டுப்போட்டதுபோல நின்றுவிட்டால், என்ஜினுக்குச் சுற்றுவதற்கு மிச்சம் இருப்பது வண்டியின் உடல் மட்டும்தான். பிடித்து வைத்திருப்பது 1,400. தூக்குவது 2,000-க்கு மேல். முன்பக்கம் எழும்பாமல் என்ன செய்யும்?

எழும்ப ஆரம்பித்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகும். முன்பக்கம் உயர உயர, ஈர்ப்பு மையம் அச்சை நோக்கிப் பின்னால் நகரும். 0.7 மீட்டர் என்பது 0.5, 0.3 என்று சுருங்கும். பிடித்து வைத்திருக்கும் பலம் குறைந்துகொண்டே போகும்போது, தூக்கும் பலம் அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு மையம் அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால், அதன்பிறகு கிளட்ச்சை மிதித்தாலும் பயனில்லை. வண்டியின் எடையே அதைப் பின்னால் சாய்த்துவிடும்.

சேற்றில் சிக்கினால் என்ன செய்யலாம்? முதலில் பின்னால் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட வேண்டும். சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சேற்றை மண்வெட்டியால் வெட்டி ஒதுக்கிவிட்டு, ரிவர்ஸ் கியரில் மெதுவாகப் பின்னால் எடுத்துப் பார்க்கலாம். ரிவர்ஸில் எதிர்விசை முன்பக்கத்தைக் கீழே அழுத்துமே தவிர, தூக்காது. சக்கரத்துக்கு அடியில் தழை, வைக்கோல் போடலாம். ஆனால், எதையும் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அதற்கும் அசையவில்லை என்றால், இன்னொரு டிராக்டரை வரவழைத்து இழுப்பதுதான் வழி. ஒரு நாள் நடவு தள்ளிப்போனால், அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடலாம்.

கயிறு கட்டும் உயரத்தில் இருக்கிறது உயிர்!

இழுக்க வரும் டிராக்டருக்கும் இதே ஆபத்து உண்டு. மரத்தின் வேரைப் பிடுங்குவது, பனங்கட்டையை இழுப்பது, சிக்கிய வண்டியை இழுப்பது போன்ற வேலைகளில் சங்கிலியை எங்கே கட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

டிராக்டர் வறண்ட தரையில் முழு மூச்சோடு இழுக்கும்போது, சங்கிலியில் 1,500 கிலோ எடைக்குச் சமமான இழுவை வருவதாக வைத்துக்கொள்வோம். பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில், அதாவது டிராபாரில் சங்கிலியைக் கட்டினால், அதன் உயரம் தரையிலிருந்து சுமார் 0.4 மீட்டர். பின்னோக்கிச் சாய்க்கும் திருப்புத்திறன் 1,500 x 0.4 = 600. பிடித்து வைத்திருப்பது 1,400. வண்டி உறுதியாக நிற்கும்.

அதே சங்கிலியை, ‘மேலே கட்டினால்தான் வேர் கிளம்பும்’ என்று டாப் லிங்க் மாட்டும் இடத்தில், ஒரு மீட்டர் உயரத்தில் கட்டினால்? 1,500 x 1 = 1,500. பிடித்து வைத்திருக்கும் 1,400-ஐத் தாண்டிவிட்டது. அதே வண்டி, அதே சங்கிலி, அதே இழுவைதான். இரண்டு அடி உயர வித்தியாசத்தில் வண்டி மல்லாந்துவிடும். மேட்டில் ஏறிக்கொண்டே இழுத்தால், ஈர்ப்பு மையம் ஏற்கெனவே பின்னால் நகர்ந்திருக்கும் என்பதால், 1,400 என்ற அந்த எண்ணும் குறைந்துவிடும்.

எனவே இழுவைக்கு டிராபார் மட்டும்தான். டாப் லிங்க்கிலோ, அச்சிலோ, தூக்கி வைத்த லிஃப்ட் கைகளிலோ கட்டக் கூடாது. கிளட்ச்சைப் பட்டென்று விடாமல், கயிறு விறைப்பாகும்வரை மெதுவாக நகர்த்தி, பிறகு இழுக்க வேண்டும். இழுபடும் கயிற்றுக்குள் ஆற்றல் சேர்ந்திருக்கும். அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

களிமண் சொன்ன பாடம்

இனி வேகத்துக்கு வருவோம். 10 கி.மீ வேகத்தில் போகும் வண்டி 20 கி.மீ வேகத்துக்கு மாறினால், ஆபத்து இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் நான்கு மடங்காகும்.

300 ஆண்டுகளுக்கு முன்பு அறிஞர்களே இதில் குழம்பிக் கிடந்தார்கள். ஓடும் பொருளின் பலம் அதன் வேகத்துக்கு ஏற்ற மாதிரி நேராகத்தான் கூடும் என்று ஒரு சாராரும், வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும் என்று இன்னொரு சாராரும் வாதாடினார்கள். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஸ்கிராவசாண்டே, 1720-களில் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் வெவ்வேறு உயரங்களிலிருந்து போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு, நான்கு மடங்கு குழி பறித்தது. பிரான்ஸ் நாட்டின் பெண் அறிஞர் எமிலி து ஷாத்லே, 1740-ல் வெளியிட்ட தன் இயற்பியல் நூலில் இந்த வேகத்தின் இருமடிக் கணக்கை ஆதரித்து எழுதினார்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிசைந்த களிமண்ணை ஒரு தட்டில் கனமாகப் பரப்பி, ஓர் உருண்டைக் கல்லை 1 அடி உயரத்திலிருந்து போடுங்கள். பிறகு வேறு இடத்தில், அதே கல்லை 4 அடி உயரத்திலிருந்து போடுங்கள். 4 அடியிலிருந்து விழும் கல்லின் வேகம், 1 அடியிலிருந்து விழுவதைப்போல இரண்டு மடங்குதான். ஆனால், இரண்டாவது குழியில் நிரம்பும் தண்ணீரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்தால், அவர்களுக்கும் பாடம் மறக்காது.

சாலையில் இதன் அர்த்தம் என்ன? 15 கி.மீ வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, சுமார் 3 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 30 கி.மீ வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 12 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கி.மீ வேகம் என்றால் சுமார் 46 அடி. அதாவது, வளர்ந்த தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுவது மாதிரி!

வளைவில் பக்கவாட்டுச் சாய்வு

வளைவிலும் இதே இருமடிக் கணக்குதான். ஓடுகிற எந்தப் பொருளும் நேராகப் போகவே பார்க்கும். வளைவில் டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். உயரத்தில் இருக்கும் வண்டியின் உடல் நேராகவே போகப் பார்க்கும். கால் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் போனால் ஆள் சாய்வதுபோல, வண்டியும் வெளிப்பக்கமாகச் சாயும்.

2,000 கிலோ டிராக்டர், 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 10 கி.மீ வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டில் சாய்க்கும் விசை சுமார் 260 கிலோ எடைக்குச் சமம். 20 கி.மீ வேகத்தில் அதே வளைவில் திரும்பினால் சுமார் 1,050 கிலோ. வண்டியின் பாதி எடைக்கும் மேல்! இந்த நேரத்தில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினாலோ, மறுபக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ வண்டி சாய்வதற்கு வேறு எதுவும் தேவையில்லை. லிஃப்ட்டில் ரோட்டவேட்டரை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினால், ஈர்ப்பு மையம் மேலே போய் இன்னும் சீக்கிரம் சாயும். வைக்கோலை வானம் முட்ட ஏற்றிய வண்டி எளிதில் குடைசாய்வதும் இதனால்தான்.

வளைவில் பலரும் மறக்கும் ஒன்று, பிரேக் பெடல். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. வயலில் தலைமாட்டில் சட்டென்று திரும்புவதற்காக, ஒன்றை மட்டும் தனியாக மிதிப்போம். சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போடாவிட்டால், அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் பட வாய்ப்பு உண்டு. ஒரு சக்கரம் நிற்கும், மறு சக்கரம் ஓடும். வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். வயலைவிட்டு வெளியே வரும்போது அந்தக் கொண்டியைப் போடுவதற்கு ஒரு விநாடிதான் ஆகும்.

பின்னால் தள்ளும் டிரெய்லர்

பிரேக் பிடிப்பது என்றால், வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக்குவது. ஆற்றல் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு தூரம் வண்டி ஓடித்தான் நிற்கும்.

2 டன் டிராக்டரில், பாரத்தோடு 6 டன் இருக்கும் டிரெய்லரை மாட்டியிருக்கிறோம். டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இல்லை. மொத்தம் 8 டன்னையும் நிறுத்த வேண்டியவை டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள் மட்டுமே. அந்தச் சக்கரங்கள் தாங்கும் எடை ஒன்றரை டன் என்றும், காய்ந்த தார்ச்சாலை என்றும் வைத்துக் கணக்கிட்டால், டயர் தரக்கூடிய பிடிமானம் சுமார் 900 கிலோதான்.

டிரெய்லர் இல்லாமல் 20 கி.மீ வேகத்தில் போகும் டிராக்டர், பிரேக் பிடித்த பிறகு சுமார் 4 மீட்டரில் நின்றுவிடும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு அதே வேகத்தில் வந்தால் 14 மீட்டர் ஓடும். 30 கி.மீ வேகம் என்றால் 31 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஆகும் ஒரு விநாடியையும் சேர்த்தால், 20 கி.மீ வேகத்தில் சுமார் 20 மீட்டர், 30 கி.மீ வேகத்தில் சுமார் 40 மீட்டர். அதாவது 130 அடி! மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால், இது இன்னும் நீளும். கரும்பு, நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழையும்போது, தெருவில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை நினைத்துக் கியரைக் குறைப்பதற்கு இந்த 130 அடியே போதுமான காரணம்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் விடுவது இதைவிட ஆபத்து. உயரத்தில் இருக்கும் பொருளுக்குள் நிலை ஆற்றல் இருக்கிறது. கீழே இறங்க இறங்க, அது வேகமாக மாறும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாய்வில், 100 மீட்டர் தூரம் நியூட்ரலில் உருண்டால், அடிவாரத்துக்கு வரும்போது வேகம் 40 கி.மீ-க்கு மேல் போய்விடும். கியரில் இருந்தால், சக்கரம் என்ஜினையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் வேகம் கட்டுப்படும். இறக்கத்தின் நடுவில் பிரேக்கை அழுத்தினால், பின்னால் வரும் 6 டன் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளி, மடக்குக் கத்திபோல இரண்டையும் மடக்கிவிடும். எந்த கியரில் மேட்டில் ஏறுவோமோ, அதே கியரில் இறங்குவதுதான் பழைய டிரைவர்கள் சொல்லும் நல்ல விதி. கியரை இறக்கத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

சுவீடன் காட்டிய வழி

இத்தனை எச்சரிக்கையாக இருந்தும் வண்டி கவிழ்ந்தால்? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலோ, சுற்றிலுமோ பொருத்தப்படும் கனமான இரும்புச் சட்டகத்தை ‘ரோப்ஸ்’ என்கிறார்கள். வண்டி கவிழும்போது முழு எடையும் இந்தச் சட்டகத்தின் மீது விழும். பல சமயங்களில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்ததோடு நின்றுவிடும். முழுவதும் புரண்டாலும், ஓட்டுநருக்கு உயிர் தப்பும் அளவுக்கு இடம் இருக்கும்.

சுவீடன் நாடு 1959-ம் ஆண்டு முதல், புதிதாக விற்கும் டிராக்டர்களில் இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பிறகு பழைய டிராக்டர்களுக்கும் படிப்படியாக நீட்டித்தது. 1950-களின் இறுதியில் அங்கே ஒரு லட்சம் டிராக்டருக்கு ஆண்டுக்கு 17 பேர் கவிழ்ந்து இறந்துகொண்டிருந்தார்கள். 1980-களின் இறுதியில் அது 0.3 ஆகக் குறைந்தது. பெரும்பாலும் இரும்புச் சட்டகம் செய்த வேலை இது.

புது டிராக்டர் வாங்கும்போது ஹெச்.பி, மைலேஜ், லிஃப்ட் திறன் என்று எல்லாவற்றையும் கேட்கிறோம். ‘இந்த மாடலுக்கு ரோப்ஸ் இருக்கிறதா, சீட் பெல்ட் இருக்கிறதா?’ என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: டிராக்டரில் வெயிலுக்குக் கூரை போட்டிருக்கிறோம். கவிழ்ந்தால் அது காப்பாற்றாதா?

பதில்: காப்பாற்றாது. நிழலுக்காகப் போடும் கூரையின் கம்பிகள், 2 டன் எடையைத் தாங்கும் அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. நசுங்கிவிடும். ரோப்ஸ் சட்டகம் என்பது சோதனை செய்யப்பட்டு, வண்டியின் உடலோடு சரியான போல்ட்களில் பொருத்தப்படுவது. உள்ளூரில் குழாயை வெல்டிங் செய்து மாட்டுவதும் சரிவராது. இன்னொரு விஷயம், ரோப்ஸ் இருக்கும் வண்டியில் சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். ரோப்ஸ் இல்லாத வண்டியில் சீட் பெல்ட் போடக் கூடாது. மடக்கும் வகைச் சட்டகமாக இருந்தால், நிமிர்த்தி வைத்து ஓட்டினால்தான் பயன் உண்டு.

கேள்வி: முன்பக்கம் எடைக்கட்டிகள் மாட்டினால் முன்பக்கம் எழும்பாதா?

பதில்: கனமான கருவிகளைப் பின்னால் தூக்கும்போது எடைக்கட்டிகள் நிச்சயம் உதவும். கருவியைத் தூக்கிய நிலையிலும், வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகி, திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஆனால், எடைக்கட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் உயரத்தில் சங்கிலி கட்டுவதோ, சக்கரத்தில் கட்டை கட்டுவதோ கூடாது.

கேள்வி: பையன் ஆசைப்படுகிறான் என்று மட்கார்டில் உட்கார வைத்து, மெதுவாகத்தான் ஓட்டுகிறோம். அதில் என்ன தவறு?

பதில்: 10 கி.மீ வேகத்தில் வண்டி போகும்போது, பிள்ளையும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறான். வண்டி வரப்பில் மோதி நின்றாலோ, சட்டென்று பிரேக் பிடித்தாலோ வண்டி நிற்கும், பிள்ளை நிற்க மாட்டான். முன்னால் விழுவான். மட்கார்டுக்கு முன்னால் கீழே இருப்பது பெரிய பின்சக்கரம். 10 கி.மீ வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 9 அடி நகரும். பிள்ளை விழுந்ததைப் பார்த்து பிரேக் பிடிப்பதற்குள், சக்கரம் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான். அதில் ஓட்டுநர் மட்டும்தான் உட்கார வேண்டும்.

கேள்வி: கிணற்று மேட்டிலும், வாய்க்கால் கரையிலும் உழும்போது எவ்வளவு தள்ளி ஓட்ட வேண்டும்?

பதில்: வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தபட்சம் அவ்வளவு தூரமாவது கரையின் விளிம்பிலிருந்து தள்ளி ஓட்ட வேண்டும். 6 அடி ஆழ வாய்க்கால் என்றால் 6 அடி. டிராக்டரின் எடை மண்ணுக்குள் நேராக இறங்காமல், விரிந்து பரவும். விளிம்புக்கு அருகில் போனால், அந்த அழுத்தத்தில் கரை சரியும். மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது இன்னும் தள்ளிப் போக வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு என்றால், அந்த ஓரத்து மண்ணை மண்வெட்டியால் கொத்திவிடுவதே நல்லது. நாலு சென்ட் நிலத்துக்காக டிராக்டரைக் கிணற்று ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: பள்ளமான வயலிலிருந்து வரப்பேறி மேட்டு வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. எப்படி ஏறுவது?

பதில்: முடிந்தால் வரப்பை வெட்டிச் சரிவாக்கிவிட்டு ஏறுங்கள். செங்குத்தாக இருந்தால், முன்பக்கமாக ஏறும்போது முன்பக்கம் உயர்ந்து, பின்பாரம் ஆகிவிடும். ரிவர்ஸ் கியரில், வரப்புக்கு நேராக, மெதுவாக ஏறுவது பாதுகாப்பானது. இறங்கும்போது முன்பக்கமாக இறங்கலாம். சாய்வாக, ஒரு சக்கரம் மேலேயும் ஒரு சக்கரம் கீழேயுமாக வரப்பைக் கடக்கவே கூடாது. கருவியைத் தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். உயரத் தூக்க வேண்டியதில்லை.